காவிரிக் கரையில் மூன்று வீடுகள்

மயிலாடுதுறையில் பஸ் ஏறி, குத்தாலம் தாண்டி, ஆடுதுறைக்கு முன்னாலேயே இறங்கிக்கொண்டால் அது நாயனம் பிறக்கிற ஊர். இறங்காமல் உட்கார்ந்திருந்தால் கும்பகோணம். கதைகள் பிறந்த ஊர். அங்கிருந்து வேறு பஸ் மாறிக் காவிரியை ஒட்டியே மேற்கே போனால் திருவையாறு. பாட்டுக்காகவே கோயில் எழும்பிய ஊர். எல்லாம் சேர்த்தாலும் நூறு கிலோமீட்டர் வராது. இந்தத் துண்டு நிலத்தில் வீடு வீடாகப் போய், பாடுகிறவர்களையும் வாசிக்கிறவர்களையும் எழுதுகிறவர்களையும் சந்தித்து, அவர்கள் சொல்வதை எழுதிக்கொண்டு வருவதுதான் சில வருஷங்களாக என் வேலை.

வேலை என்று சொன்னேனே தவிர, சம்பளம் கிடையாது. எந்தப் பத்திரிகை ஆபீஸின் அடையாள அட்டையும் என் பையில் இல்லை. பஸ் சார்ஜ் என் கைக்காசு. வீட்டில் இரண்டு நாளைக்குத் தோசை மாவு அரைத்து வைத்துவிட்டு, துணிப்பையில் ஒரு நோட்டும் செல்போனும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன்.

"உங்களுக்கு யாருங்க பேட்டி கொடுப்பாங்க?" என்று பக்கத்து வீட்டம்மா கேட்டார். நியாயமான கேள்வி. பெரிய பேர் வாங்கியவர்களை ஏற்கெனவே நூறு பேர் பார்த்தாயிற்று. நான் தேடிப் போவது அந்தக் கச்சேரியில் பக்கத்தில் உட்கார்ந்தவரை, அந்தப் பத்திரிகையில் நாற்பது கதை எழுதிவிட்டு இப்போது வாசல் திண்ணையில் உட்கார்ந்திருப்பவரை. அவர்கள் தாராளமாகப் பேசுகிறார்கள். சில சமயம், கதவைத் திறக்கும்போதே கண் கலங்கிவிடுகிறது.

இந்தக் கட்டுரையில் மூன்று வீடுகளுக்கு உங்களைக் கூட்டிப் போகிறேன். யார் பேரையும் போடவில்லை. மூன்றாம் வீட்டில் ஒரு வாக்குக் கொடுத்திருக்கிறேன். அதற்காக மற்ற இரண்டு வீட்டையும் பேரில்லாமலே எழுதிவிடுகிறேன்.

சீவாளிப் பெட்டி

நான் கிளம்பியது தை மாதக் கடைசியில். சம்பா அறுவடை முடிந்து, சாலை ஓரமெல்லாம் வைக்கோல் காய்ந்துகொண்டிருந்தது. நரசிங்கம்பேட்டையும் திருவாவடுதுறையும் அடுத்தடுத்த ஊர்கள். முதல் ஊரில் நாகஸ்வரம் செய்கிறார்கள். இரண்டாவது ஊர் அதை வாசித்து உலகத்துக்குக் காட்டிய ஊர்.

நாகஸ்வரத்தின் உடம்புக்கு உலவு என்று பேர். ஆச்சா மரத்தில் கடைகிறார்கள். பச்சை மரம் உதவாது. பழைய வீடுகளை இடிக்கும்போது கிடைக்கிற தூணும் உத்தரமுமாகப் பல வருஷம் காய்ந்த மரத்தைத் தேடி வாங்குகிறார்கள். யாரோ ஒரு குடும்பம் குடியிருந்த வீட்டுத் தூண், இன்னொரு குடும்பத்துக் கல்யாணத்தில் கெட்டிமேளத்துக்கு வாசிக்கிறது! 2022ல் நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

அந்தக் காலத்து நாயனம் அளவில் குட்டை, சுருதி தூக்கல். திமிரி என்பார்கள். திருவாவடுதுறை டி.என். ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) நீளமான, சுருதி தணிந்த நாயனத்தை விரும்பினார். அவருக்காக நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி பாடுபட்டு உருவாக்கிக் கொடுத்ததுதான் இன்று கச்சேரி மேடைகளில் பார்க்கிற பாரி நாயனம். வாசித்தவர் பேர் ஊரெல்லாம் தெரியும். கடைந்தவர் பேர் எத்தனை பேருக்குத் தெரியும், சொல்லுங்கள்!

நான் போன வீட்டில் இருந்தவர் எழுபது தாண்டிய வித்வான். முதல் அரை மணி நேரம், எந்தெந்தக் கோயில், எந்தெந்த ஊர், யார் போர்த்திய பொன்னாடை என்று வரிசையாகச் சொன்னார். நான் எழுதிக்கொண்டேன். ஆனால் அவர் குரலில் உயிர் இல்லை. பாடம் ஒப்பிக்கிறாற்போல இருந்தது. அப்புறம் கேட்டேன்: "ஐயா, காலையில் நாயனத்தைக் கையில் எடுத்ததும் முதலில் என்ன செய்வீங்க?"

மனுஷர் எழுந்துபோய் அலமாரியிலிருந்து ஒரு சின்னத் தகரப் பெட்டியைக் கொண்டுவந்தார். உள்ளே சீவாளிகள். காவிரிக் கரையில் வளர்கிற கொருக்கை என்ற நாணல் தட்டையைக் காயவைத்து, வேகவைத்து, நறுக்கி, தட்டி, நூலால் கட்டிச் செய்வது. கெண்டை என்கிற சின்ன உலோகக் குழாயில் இதைப் பொருத்தித்தான் வாயில் வைத்து ஊதுகிறார்கள்.

"எச்சில்ல நனைச்சுப் பதம் பார்க்கணும்மா. காஞ்சிருந்தா கத்தும். ரொம்ப ஊறினா ஊமையாயிடும். பச்சைக் குழந்தைக்குச் சோறு ஊட்டுற பக்குவம்" என்றார். கொஞ்ச நேரம் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். "நான் வாசிச்சு ஒன்பது வருஷம் ஆச்சு. கீழ்ப் பல் நாலு போச்சு. பல் போனா உதட்டுக்குப் பிடிமானம் இல்லை. கட்டுப்பல் வச்சுப் பார்த்தேன். காத்து நிக்கல்லை."

இதை அவர் யாரிடமும் சொன்னதில்லையாம். 'வயசாயிடுச்சு, விட்டுட்டார்' என்றுதான் ஊர் நினைத்துக்கொண்டிருக்கிறது. சர்க்கரை வியாதி இருப்பது தெரியாமலே பல வருஷம் ஓட்டியிருக்கிறார். ஈறு கெட்டு, பல் ஆடின பிறகுதான் டாக்டரிடம் போயிருக்கிறார். சர்க்கரைக்கும் ஈறுக்கும் உள்ள சம்பந்தம் தெரிந்திருந்தால் முன்னாலேயே பார்த்திருக்கலாம். நம் வீட்டில் சர்க்கரை உள்ளவர்களை வருஷத்துக்கு ஒரு முறையாவது பல் டாக்டரிடம் காட்டுவது நல்லது என்பதை இந்த வித்வானிடமிருந்து எடுத்துக்கொண்டேன்.

இப்போது அவருடைய பேத்தி வாசிக்கிறாள். ஒன்பதாம் வகுப்புப் படிக்கிற பெண். மருமகளுக்குத்தான் கவலை: "பொண்ணு நாயனம் வாசிச்சா நாளைக்கு யாருங்க கட்டுவாங்க?" கிழவர் திரும்பிப் பார்த்தார். "மதுரை பொன்னுத்தாயி வாசிக்கல்லையா?" அவ்வளவுதான் கேட்டார். நான் என் பங்குக்கு, நாகஸ்வரத் தம்பதி ஷேக் மகபூப் சுபானியும் காலிஷாபியும் 2020ல் பத்மஸ்ரீ வாங்கிய கதையைச் சொன்னேன். மருமகள் பதில் பேசவில்லை. ஆனால் பேத்தி வாசிக்க உட்கார்ந்ததும் டிவியை அணைத்தது அவர்தான்.

கையெழுத்து யாருடையது?

கும்பகோணத்தில் இறங்கினதும் எனக்குக் காப்பி வேண்டும். பித்தளை டபராவில் நுரை தளும்பக் கொண்டுவந்து வைத்தார்கள். குடித்துவிட்டுக் காவிரிப் பக்கம் நடந்தேன்.

இந்த ஊர் மண்ணில் என்னதான் இருக்கிறதோ! கு.ப. ராஜகோபாலன், மௌனி, தி. ஜானகிராமன், கரிச்சான் குஞ்சு, எம்.வி. வெங்கட்ராம் என்று ஒரே காலத்தில் எத்தனை பேர் இந்தத் தெருக்களில் நடந்து, பேசி, சண்டை போட்டு, எழுதியிருக்கிறார்கள்! வெங்கட்ராம் பட்டு ஜரிகை வியாபாரமும் பார்த்துக்கொண்டு எழுதினவர். 1993ல் 'காதுகள்' நாவலுக்குச் சாகித்திய அகாதெமி பரிசு பெற்றார். ஜானகிராமனின் 'மோகமுள்' கும்பகோணத்துத் தெருக்களும் சங்கீதமுமாக வளர்ந்த நாவல். அவரும் சிட்டியும் சேர்ந்து காவிரியோடு பயணம் செய்து எழுதிய 'நடந்தாய், வாழி, காவேரி!' 1971ல் வந்தது. இந்தப் பக்கம் பஸ் ஏறும் போதெல்லாம் அந்த இரண்டு பேரும் முன் ஸீட்டில் உட்கார்ந்திருப்பதாக எனக்கு ஒரு நினைப்பு.

நான் பார்க்கப் போனவர் அவர்களுக்கு அடுத்த தலைமுறை. எண்பது தாண்டிவிட்டார். காது கொஞ்சம் மந்தம். நல்ல காது எது என்று கேட்டு அந்தப் பக்கமாக நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன். இலக்கியம் பற்றி நன்றாகவே பேசினார். எல்லாம் அவருடைய புத்தக முன்னுரைகளில் நான் படித்ததுதான்.

அந்த அம்மா மோர் கொண்டுவந்து வைத்தார். சும்மா பேச்சுக்குத்தான் கேட்டேன்: "இவர் எழுதுகிற நேரத்தில் குழந்தைகளை எப்படிம்மா சமாளிச்சீங்க?"

"ஒரே ரூம் வீடுதானே. இவங்க கூடத்துல எழுதுவாங்க. நான் அடுக்களையில காய் நறுக்கிட்டே தொட்டில் கயித்தைக் கால் கட்டைவிரல்ல மாட்டிக்கிட்டு ஆட்டுவேன். குழந்தை அழுதா கதை நின்னு போயிடுமே" என்று சிரித்தார். பிறகு சாதாரணமாகச் சொன்னார்: "ராத்திரி எல்லாரும் படுத்தப்புறம் நான் உட்கார்ந்து நல்ல பேப்பர்ல எடுத்து எழுதுவேன். இவங்க கையெழுத்து கோழி கிளறினாப்போல இருக்கும். எந்தப் பத்திரிகைக்காரனுக்குப் புரியும்?"

"எத்தனை கதைம்மா எழுதிக் கொடுத்திருப்பீங்க?"

"எல்லாமும்தான். நாவல்கூட. நாநூறு பக்கம். மூணாவது பிள்ளை வயித்துல இருந்தப்போ."

நான் எழுத்தாளரைப் பார்த்தேன். அவர் காதில் விழவில்லை என்றுதான் நினைத்தேன். விழுந்திருக்கிறது! "அதை எழுதிக்கோங்க. நான் ஒரு முன்னுரையிலகூடச் சொன்னதில்லை" என்றார். அந்த அம்மா, "இதெல்லாம் ஒரு விஷயமா?" என்று டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

விஷயந்தான், சகோதரிகளே. படிக்கிறபோதே ஒரு வார்த்தை சரியாக இல்லை என்று தோன்றினால் பென்சிலால் கோடு போட்டு வைப்பாராம். காலையில் அவர் பார்த்து மாற்றுவாராம். எத்தனை இடம் என்று யார் கணக்கு வைத்தார்கள்?

அடுக்களையிலிருந்து வந்த சங்கதி

கும்பகோணத்திலிருந்து திருவையாற்றுக்குப் போகிற பஸ் சுவாமிமலை, உமையாள்புரம், கபிஸ்தலம், கணபதி அக்ரஹாரம் என்று காவிரியை விட்டுப் பிரியாமல் போகும். ஜன்னலோரம் கிடைத்தால் விடாதீர்கள். உமையாள்புரத்தில் தியாகராஜருக்கு நேர்ச் சிஷ்யர்கள் இருந்தார்கள்: கிருஷ்ண பாகவதர், சுந்தர பாகவதர். அவர்கள் வழியாகப் பாட்டு அடுத்தடுத்த தலைமுறைக்கு வந்தது. புத்தகமும் ரெக்கார்டும் இல்லாத காலம். ஒரு வாயிலிருந்து ஒரு காதுக்கு. அந்தக் காதிலிருந்து இன்னொரு வாய்க்கு. நடுவில் ஒருவர் நிறுத்திவிட்டால் அந்தப் பாடாந்தரம் அதோடு போயிற்று.

ஆராதனைக் கூட்டமெல்லாம் கலைந்த பிறகு போனேன். பந்தல் பிரித்தாகிவிட்டது. இந்த வீட்டு வித்வானுக்கு எழுபத்தெட்டு வயசு. தகப்பனாரிடமே பாடம். ஒரு கீர்த்தனையில், தங்கள் வீட்டுப் பாடாந்தரம் மற்றவர்களிடமிருந்து எங்கே மாறுகிறது என்று பாடிக் காட்டினார். முதல் சங்கதி, இரண்டாவது, மூன்றாவது... நின்றுவிட்டார். தொடையைத் தட்டிக்கொண்டே திரும்ப ஆரம்பித்தார். அதே இடத்தில் திரும்ப நின்றது.

உள்ளே யாரோ முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தம் நின்றது. ஒரு கிழக்குரல், நடுக்கமே இல்லாமல், அந்தச் சங்கதியைப் பாடி முடித்தது. மறுபடி முறத்தின் சத்தம்.

"அதான்! அதேதான், அக்கா!" என்றார் வித்வான். என்னைப் பார்த்து, "அப்பா முதல்ல சொல்லிக்கொடுத்தது அவளுக்குத்தான். நான் பக்கத்துல உட்கார்ந்து கேட்டுக் கத்துண்டவன்" என்றார்.

அந்த மாமிக்கு எண்பத்து நாலு வயசு. பதினாறில் கல்யாணம். "அது பாடற ஆம் இல்லை. ஒரு நாள் கொல்லையில் பாடினேன். 'இது என்ன வீடா, என்ன?'ன்னு கேட்டா. அதோட சரி. பாத்திரம் தேய்க்கறச்சே வாய்க்குள்ளேயே பாடுவேன். உதடு அசையாது" என்றார். அப்படி ஐம்பது வருஷம்! அகத்துக்காரர் காலமான பிறகு தம்பி வீட்டுக்கு வந்துவிட்டார்.

எத்தனை உருப்படி நினைவிருக்கிறது என்று கேட்டேன். தெரியாது என்றார். வித்வான் ஒவ்வொன்றாகப் பல்லவியை எடுத்துக் கொடுக்க, அவர் தொடர்ந்து பாட, நான் நோட்டில் கோடு போட்டுக்கொண்டே வந்தேன். பொழுது சாய்வதற்குள் நாற்பத்தொன்று. அதில் ஏழு, தம்பிக்கே முழுதாகத் தெரியாது. அப்பாவிடம் கற்று, அந்த ஒரு மனுஷியின் நினைவில் மட்டும் தங்கியிருப்பவை.

மறுநாளிலிருந்து மூன்று நாள், காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரை, மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பதிவு செய்தோம். ஆரம்பிக்கும் முன்னாலேயே மாமி சொல்லிவிட்டார்: "பாட்டை எடுத்துக்கோ. என் பேரு மட்டும் எங்கேயும் வேண்டாம்."

தம்பி மன்றாடினார். "போட்டா என்ன அக்கா? இத்தனை வருஷம் கழிச்சாவது தெரியட்டுமே!"

"புக்காத்து மனுஷா இன்னும் இருக்கா. 'பாட விடாத குடும்பம்'னு ஊர் பேசும். கேட்டவா யாரும் இப்போ இல்லே. அவா பேரன் பேத்தி என்னடா பண்ணித்து?"

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. பேரும் படமும் போட்டால் நல்ல கட்டுரை. அந்தப் பெரிய மனசுக்கு முன்னால் அது ஒரு பொருட்டா? வாக்குக் கொடுத்தேன். ஆனாலும், பேர் இல்லாமல் போகிறதே என்று மனசு ஆறவில்லை.

ஆற்றங்கரையில் ஒரு சிலை

அந்த ஆற்றாமையோடுதான் சாயங்காலம் சமாதிக்குப் போனேன். தியாகராஜர் (1767–1847) சமாதிக்கு எதிரே, அவரைப் பார்த்தபடி ஒரு அம்மாள் சிலையாக உட்கார்ந்திருக்கிறார். பெங்களூர் நாகரத்தினம்மாள் (1878–1952). புதர் மண்டிக் கிடந்த இடத்தைச் சீர்செய்து, 1920களில் தம் சொத்தைச் செலவழித்து இங்கே கோயில் எழுப்பியவர். ஆராதனை நடத்தியவர்கள் கட்சி கட்சியாகப் பிரிந்திருந்தார்கள். பெண்கள் பாடுவதற்கு மட்டும் இடமில்லை. கோயில் கட்டின கைக்கே அந்தக் கதி! அவர் அழுதுகொண்டு போய்விடவில்லை. பெண்களைத் திரட்டித் தனியாக ஆராதனை நடத்தினார். 1940ஐ ஒட்டிக் கட்சிகள் ஒன்றாயின. இன்று பஞ்சரத்தினம் பாடும்போது ஆணும் பெண்ணுமாக உட்கார்ந்து பாடுகிறார்களே, அதற்குப் பின்னால் இந்த அம்மாள் இருக்கிறார்.

இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. முத்துப்பழனி என்ற தஞ்சாவூர் அரசவைக் கவிஞரின் தெலுங்கு நூலை, ஒரு பெண் எழுதியது மறைந்துவிடக் கூடாது என்று 1910ல் பதிப்பித்தவரும் இவர்தான். அதற்கு அரசாங்கத் தடையெல்லாம் வந்து, 1947ல்தான் நீங்கியது.

பேரை மீட்டுக் கொடுத்தவர் ஒருத்தி. பேர் வேண்டாம் என்பவர் ஒருத்தி. இரண்டு பேரும் ஒரே காவிரித் தண்ணீர் குடித்தவர்கள். யார் செய்தது சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் யார்?

கடைசி நாள், பதிவுகளின் பிரதியைத் தம்பியின் பேத்திக்குக் கொடுத்தேன். பாட்டுக் கற்றுக்கொள்கிற பெண். உறையின் மேல் என்ன எழுதுவது என்று மாமியைக் கேட்டேன். யோசித்தார். "இது வீட்டோட இருக்கிறதுதானே? இதுல என் பேரைப் போடு. அவளுக்குத் தெரியணும் இல்லையா" என்றார். போட்டேன். அந்த ஏழில் ஒன்றைப் பேத்தி இப்போது பாடம் பண்ணிக்கொண்டிருக்கிறாள்.

நீங்களும் கேட்கலாம்

இந்த மாதிரிக் கேட்டு வைப்பதை நம்மில் பெரியவர்கள் முன்பே செய்திருக்கிறார்கள். எழுத்தாளர் அம்பை 1988ல் மும்பையில் 'ஸ்பாரோ' என்ற பெண்கள் ஆவணக் காப்பகத்தை மற்றவர்களோடு சேர்ந்து தொடங்கி, இசைக் கலைஞர்களான பெண்களின் வாழ்க்கையை அவர்கள் வாயாலேயே சொல்ல வைத்து, 2000ல் புத்தகமாகக் கொண்டுவந்தார். ராஜம் கிருஷ்ணன் 'கரிப்பு மணிகள்' எழுதத் தூத்துக்குடி உப்பளங்களுக்கே போய் விசாரித்தார். நமக்கு அவ்வளவு முடியாவிட்டாலும், நம் வீட்டுத் திண்ணையில் இருப்பவர்களைக் கேட்கலாமே!

அனுபவத்தில் கண்ட சில யோசனைகள்:

வயசானவர்களிடம் காலை பத்து மணிக்கு மேல், அல்லது பகல் தூக்கம் முடிந்து நாலு மணிக்கு மேல் பேசுங்கள். சர்க்கரை உள்ளவர்களாக இருந்தால் சாப்பாட்டு நேரம் தள்ளிப்போகக் கூடாது. ஒரு மணி நேரம் போதும், மிச்சம் நாளைக்கு.

இனிப்புக்குப் பதில் பழம் வாங்கிப் போங்கள். திருவையாற்றில் பாசிப்பருப்பு அசோகா வாசனை மூக்கைத் துளைக்கும். அதை உங்களுக்கு வாங்கிக்கொள்ளுங்கள், ஒரு கரண்டி அளவோடு!

'உங்கள் சாதனை என்ன?' என்று கேட்காதீர்கள். கையில் பிடிக்கிற ஒரு சாமானைப் பற்றிக் கேளுங்கள். சுருதிப்பெட்டி, பேனா, சீவாளி எதுவானாலும் சரி. அதிலிருந்து எல்லாம் வரும்.

காப்பி கொண்டுவருகிறவரையும் உட்காரச் சொல்லி ஒரு கேள்வி கேளுங்கள்.

செல்போனில் பதிவு செய்வதானால் முதலில் அனுமதி. மின்விசிறியையும் டிவியையும் நிறுத்துங்கள். முடிந்ததும் ஒரு பிரதி அவர்கள் வீட்டுக்குக் கொடுங்கள்.

'இதை எழுதாதே' என்றால் எழுதாதீர்கள். அந்த ஒரு சொல்லைக் காப்பாற்றினால்தான் அடுத்த வீட்டுக் கதவு திறக்கும்.

திருவையாற்றிலிருந்து தஞ்சாவூர் சுமார் 13 கிலோமீட்டர். வழியில் காவிரி, குடமுருட்டி, வெட்டாறு, வெண்ணாறு, வடவாறு என்று ஐந்து ஆறுகளைத் தாண்டுகிறோம். குழந்தைகளைக் கூட்டிப் போனால் எண்ணச் சொல்லுங்கள், சந்தோஷமாக எண்ணுவார்கள்.

அவ்வளவு தூரம் போக முடியாதவர்கள் இந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டிலேயே ஆரம்பிக்கலாம். மத்தியானச் சாப்பாடு முடிந்து எல்லாரும் வெற்றிலை போடுகிற நேரத்தில் மாமியாரையோ அம்மாவையோ கேளுங்கள்: "கல்யாணத்துக்கு முன்னாடி உங்களுக்கு என்னெல்லாம் தெரியும்?" பதில் வர நேரமாகும். அவசரப்படாமல் காத்திருங்கள்.